குதிரையின் குளம்படியில் ஓர் எழுத்து

அலங்காநல்லூரிலிருந்து வாசகர் ஒருவர், பிடிபடாமல் சீறிப் பாய்ந்த தம் காளைக்காக மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் தமக்கு அளிக்கப்பட்ட தங்கக் காசையும், தம் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த பழைய பவுன் ஒன்றையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, பின்னது மட்டும் ஏன் இத்தனை லட்சணமாக இருக்கிறது, அதிலுள்ள குதிரைவீரன் யார், அதே காசை இப்போதும் புதிதாக அடிக்கிறார்களாமே, அதற்கென்று சிலர் காத்துக் கிடக்கிறார்களாமே, அதெல்லாம் மெய்தானா என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். மெய்தான். வாடிவாசலுக்கு அருகில் வசிப்பவருக்கு இந்தச் சந்தேகம் எழுந்ததில் ஆச்சரியமும் இல்லை. காளையின் கொம்பில் காசு முடிந்த காலத்திலிருந்து, கார் பரிசளிக்கும் இக்காலம் வரை, நாணயத்துக்கும் அந்த மண்ணுக்கும் உறவு அறுந்ததே கிடையாது.

பவுன் இன்னதென்று மதுரைச் சீமையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பவுனுக்கு எட்டுக் கிராம் என்று கடைக்காரர் போடும் கணக்குக்கு மூலமாக நின்றது சவரன் என்னும் இந்த ஆங்கில நாணயமே. அதன் எடை 7.988 கிராம், மாற்று 22 காரட், குறுக்களவு 22 மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். பன்னிரண்டில் பதினொரு பங்கு தங்கமும் ஒரு பங்கு செம்பும் கலந்திருப்பதால், கைமாறிக் கைமாறிப் புழங்கியும் முகம் தேயாத உறுதியும், இலேசான செம்மை ஓடிய நிறமும் அதற்கு வாய்த்தன.

அதன் பின்புறத்துச் சித்திரத்தை அமைத்தவர் பெனடெட்டோ பிஸ்ட்ருச்சி என்னும் ரோமாபுரிச் சிற்பி. நிறக்கற்களில் நுண்ணிய உருவங்களைக் குடைவதில் வல்லவரான இவர், 1817-இல் வெளிவந்த சவரனுக்காக, புனித ஜார்ஜ் குதிரைமீது அமர்ந்து டிராகன் என்னும் சிறகு முளைத்த நாகத்தை வதைக்கும் கோலத்தை வடித்தார். தலையில் கவசமும் தோளில் பறக்கும் துகிலும் ஒழிய உடம்பில் அநேகமாக ஒன்றுமில்லாத அந்த வீரனின் கையில் முதலில் இருந்தது ஒடிந்துபோன ஈட்டியின் காம்பு. 1821-இல்தான் அது குறுவாளாக மாறியது. அவ்வளவு குட்டை வாளைக் கொண்டு அவ்வளவு பெரிய ஜந்துவை எப்படிக் கொல்லப் போகிறார் என்று பரிகசித்தவர்கள் உண்டு. ஆனாலும் இடையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சித்திரத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேடயம் பொறித்துப் பார்த்த ஆங்கிலேயர், 1871-இல் மறுபடி பிஸ்ட்ருச்சியிடமே திரும்பினார்கள். அந்நியர் என்ற காரணத்துக்காகத் தலைமைச் சிற்பிப் பதவியை அவருக்குக் கடைசிவரை தராத நாணயசாலை, இருநூறு ஆண்டுகளாக அவர் கைவண்ணத்தை விற்றே கீர்த்தி பெற்றிருப்பது யோசிக்கத் தக்கது.

எனக்கு இந்தக் காசில் பிரியமான விஷயம் குதிரையும் அல்ல, நாகமும் அல்ல. பூதக்கண்ணாடியின் உதவியால், குதிரை நிற்கும் தரைக்கோட்டை, ஆண்டின் எண்களுக்கு நேர் மேலே உற்றுப் பாருங்கள். லண்டனில் அடித்த காசானால் அவ்விடம் வெறுமையாக இருக்கும். சிட்னியில் அடித்ததில் ‘எஸ்’, மெல்போர்னில் அடித்ததில் ‘எம்’, பெர்த்தில் அடித்ததில் ‘பி’ என்ற எழுத்து, கடுகில் பாதியளவில் பெரும்பாலும் அங்கே குந்தியிருக்கும். 1918 என்ற ஆண்டுள்ள சில காசுகளில் மாத்திரம் அவ்விடத்தில் ‘ஐ’ என்ற எழுத்து ஒரு சிறு கோடாக நிற்கும். இந்தியாவின் அடையாளம் அது.

ஐரோப்பிய மகாயுத்தத்தால் கடல்வழி அபாயம் மிகுந்து, இங்கே நாணயத் தட்டுப்பாடும் நேர்ந்தபோது, தங்கத்தை லண்டனுக்கு அனுப்பிக் காசாக்கித் தருவிப்பதைவிட இங்கேயே அடித்துக்கொள்வது உசிதமென்று கண்டு, பம்பாய் நாணயசாலையில் லண்டன் ராஜாங்க நாணயசாலையின் கிளை ஒன்றை 1918-இல் திறந்தார்கள். சவரன் அடிக்கத் தொடங்குமுன், அதே எடையும் அதே மாற்றும் கொண்ட பதினைந்து ரூபாய் மொகராவைச் சுமார் 21 லட்சம் அடித்தார்கள். பிறகு ‘ஐ’ பொறித்த சவரன் ஏறக்குறைய 13 லட்சம். மறு ஆண்டே கிளையை மூடிவிட்டார்கள். ஆகவே அந்த எழுத்துக்கு அந்த ஓர் ஆண்டைத் தவிர வேறு ஆண்டு வெகுகாலம் வாய்க்கவில்லை.

மாட்டுத்தாவணியில் காளை வாங்குகிறவர், உயரமும் திமிலும் ஒன்றுபோலிருக்கும் இரண்டு மாடுகளை நிறுத்தி வைத்துச் சுழி பார்த்துத்தானே விலை சொல்கிறார்? நாணயம் சேர்ப்பவர் அந்த எழுத்தைப் பார்ப்பதும் அவ்விதமே. எடையில் அணுவளவும் பேதமில்லை. ஆயினும் ஒன்றுக்குத் தங்கத்தின் விலை, மற்றொன்றுக்கு அதற்கு மேலும் ஒரு விலை.

இதனால்தான், 2013-ஆம் ஆண்டில் எம்.எம்.டி.சி.-பாம்ப் நிறுவனம் பிரிட்டிஷ் ராஜாங்க நாணயசாலையின் அனுமதியோடு ஹரியானாவிலுள்ள தன் ஆலையில், அதே எடையில், அதே மாற்றில், பிஸ்ட்ருச்சியின் அதே சித்திரத்தோடும் ‘ஐ’ எழுத்தோடும் சவரனை வெளியிடப் போகிறது என்ற செய்தி சேகரிப்பாளரிடையே கல்யாணக் களையை உண்டாக்கிற்று. தொண்ணூற்றைந்து ஆண்டுகளாகத் தூங்கிய எழுத்தல்லவா! 2017-இல் சவரனின் இருநூறாம் ஆண்டு நிறைவுக்காக, ஒடிந்த ஈட்டியும் சுற்றிலும் வார்ப்பட்டையும் கொண்ட ஆதிச் சித்திரத்தையே பிரிட்டனில் மீண்டும் பொறித்தபோதும் இதே பரபரப்பு இருந்தது. புதிய காசு பழையதன் மதிப்பைக் கெடுத்துவிடுமோ என்று அஞ்சுபவர்கள் உண்டு. அந்த அச்சம் வீண் என்பது என் அபிப்பிராயம். ஆண்டு என்று ஒன்று பொறித்திருக்கும் வரையில் 2013 ஒருகாலும் 1918 ஆகிவிடாது.

கெடுதி வருவது வேறு திசையிலிருந்து. மதுரைத் தெற்காவணி மூலவீதிக்குக் கல்யாணச் சீசனில் போய், பழைய பவுனைக் கொடுத்துப் புதிய சங்கிலி வாங்குகிறவர்களைக் கவனியுங்கள். உரைகல்லில் ஓர் இழுப்பு, தராசில் ஒரு நிறுப்பு, அப்புறம் உருக்குக் குகை. எத்தனை ‘ஐ’ எழுத்துகள் அந்தக் குகையில் கரைந்து வளையலாயின என்று கணக்கிட யாரிருக்கிறார்கள்? உருக்காமல் தப்பியவற்றில் பெரும்பாலானவை காசுமாலைக்காக உச்சியில் வளையம் பற்றவைக்கப்பட்டவை. வளையத்தை அறுத்து அரத்தால் ராவிய பின்னும், அரசரின் தலைக்கு மேலே விளிம்பின் வரிகள் அவ்விடத்தில் மட்டும் மழுங்கி, பற்றாசின் வெளிறிய தழும்பு நிற்கும். இன்னும் சிலர், பாசத்தின் மிகுதியால், பூந்திக்கொட்டையிலும் புளியிலும் ஊறவைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி எடுத்து வருவார்கள். தேய்த்ததில் போனது அழுக்கு மட்டுமல்ல.

முத்திரையை நம்பாமல் எடையை மட்டும் நம்புவது நமக்குப் பூர்வீகக் குணம்போலும். 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் அகப்பட்ட புதையலிலிருந்த 501 ரோமானியப் பொற்காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டிய வடு இருக்கிறது. இனி இது காசல்ல, வெறும் பொன் என்று பிரகடனம் செய்த வெட்டாகவே அதை ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். அன்று உளியால் செய்ததை இன்று குகையால் செய்கிறோம். ஆதலால் பெட்டியைத் திறக்கிறவர்கள், கடைக்குக் கிளம்பும் முன் ஆண்டையும் எழுத்தையும் ஒரு தடவை பார்த்துவிடட்டும். நூறாண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். 1918-இன் காசு அந்த வயதை எட்டிவிட்டபடியால், சிங்கப்பூரிலோ துபாயிலோ உள்ள மகனுக்கு அதைக் கொடுத்தனுப்பவும் கூடாது.

வாசகர் பரிசாகப் பெற்ற காசு ஏன் மனத்தில் ஒட்டவில்லை என்பதற்கும் காரணம் சிக்கலானதன்று. அதைச் செய்தவர்கள் மாற்றைக் கவனித்தார்கள். உருவத்தை ஒரு சடங்காக விட்டுவிட்டார்கள். 2015-இல் மத்திய அரசு அசோகச் சக்கரமும் காந்தியடிகளும் பொறித்து 24 காரட்டில் வெளியிட்ட தங்கக் காசும் சுத்தத்தில் சவரனை மிஞ்சியதுதான்; ஆயினும் அதற்காகக் கண்ணாடியைத் தேடத் தோன்றவில்லை. இத்தாலியச் சிற்பியின் குதிரை ஹரியானாவில் மறுபிறவி எடுக்கலாமென்றால், இணைக்கயல் பொறித்த பாண்டியர் காசும் எடுக்கலாம். கல்லில் உளி பிடித்துப் பழகிய ஒருவரிடம் அதன் அச்சை ஒப்படைத்து, 22 காரட்டில், மதுரைக்கென்று ஓர் எழுத்தும் மூலையில் வைத்து அடித்தார்களானால், அடுத்த தைக்கு அலங்காநல்லூர் மேடையில் கொடுக்க அதைவிடப் பொருத்தமான பரிசு வேறில்லை. முன்பணம் கட்டுகிறவர்களின் வரிசையில் நானும் நிற்பேன்.