டிஜிட்டல் தராசும் டிஜிட்டல் தாடையும்

வல்வெட்டித்துறையில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் குறைப்பட்டார். கடைவாய்ப் பல்லுக்கு உறை போட்டாராம். வாயை ஸ்கேன் பண்ணி, தாடை அசைவையும் கணினியில் பதிந்து, அதற்கெனத் தனியாகக் காசும் எடுத்தார்களாம். கடைசியில் வைத்தியர் நீலத்தாளைக் கடிக்க வைத்து, உறையை மூன்று இடத்தில் உரஞ்சிவிட்டாராம். “டிஜிட்டல் என்றால் பிறகேன் உரஞ்ச வேண்டும்? காசு வீணா?” என்பது அவர் கேள்வி.

நியாயமான கேள்விதான். பதிலை நாம் தினமும் கையாளும் தராசிலேயே காணலாம்.

இரண்டு வகைச் சரி

ஒரு கிலோ படிக்கல்லைப் பத்துத் தடவை வையுங்கள். ஒவ்வொரு தடவையும் 1.050 என்று காட்டினால், அந்தத் தராசு ஒரே சொல்லில் நிற்கிறது. ஆனால் சொல்வது பிழை. ஒருமுறை 0.960, மறுமுறை 1.040 என்று காட்டினால் சராசரி சரி. ஆனால் எந்த நிறுவையையும் நம்ப முடியாது. உண்மைக்குக் கிட்டவும் இருக்க வேண்டும், மாறாமலும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்ததே துல்லியம் என்கிறது ஐ.எஸ்.ஓ. 5725 தரநிலை. திரையில் எத்தனை தசமம் தெரிகிறது என்பது வேறு விடயம்.

பிழை நுழையும் வழிகள்

கீழ்த்தாடை கதவுப் பிணைச்சல் போலத் திறந்து மூடுவதோடு நிற்காது. முன்னே சறுக்கும், பக்கவாட்டிலும் நகரும். முன்பு மெழுகைக் கடிக்க வைத்து, பல் மாதிரிகளை ஆர்ட்டிகுலேட்டர் என்ற கருவியில் பூட்டி இதைப் பார்த்தார்கள். இப்போதுள்ள ஒருவகைக் கருவியில், கீழ்ப்பற்களிலும் நெற்றியிலும் பொருத்திய அடையாளங்களைக் கமெரா பின்தொடர்கிறது. ஸ்கேன் செய்த பற்கள் அதன்படியே திரையில் அசைகின்றன.

கமெரா நல்லதாக இருந்தாலும், பல்லில் ஒட்டிய பிடி இலேசாக ஆடலாம். வலியோ பயமோ உள்ளவர் வேறு மாதிரிக் கடிப்பார். முழு வரிசையை ஸ்கேன் செய்கையில் சிறு பிழைகள் சேர்ந்து வளரும். அகலத் திறந்தால் தாடை எலும்பே சற்று வளையும்.

ஒரு கணக்குப் பாருங்கள். தாடை சுழலும் அச்சை 5 மில்லிமீற்றர் தள்ளிக் குறித்து, 3 மில்லிமீற்றர் தடிப்பான மெழுகில் கடியைப் பதிந்தால், கடைவாய்ப் பல்லில் ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் பிழை வரும். சின்னத் தொகைதான். ஆனால் பற்களுக்கிடையே 0.02 மில்லிமீற்றர் தடிப்பையே மனிதர் உணரக்கூடும். பத்து மடங்கு!

காசு கொடுக்குமுன்

ஓரிரு பல்லுக்கு உறை போடுவதென்றால் சாதாரணக் கடிப்பதிவே பெரும்பாலும் போதும். வாய் முழுவதையும் திருத்துபவருக்கும், பற்கள் தேய்ந்து கடி மாறியவருக்கும் அசைவுப் பதிவு உதவக்கூடும். ஆகவே மூன்று கேள்வி கேளுங்கள்: எனக்கு இது ஏன் தேவை? பதிவை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை எடுத்து ஒப்பிடுவீர்களா? கடைசியில் வாயில் வைத்துச் சரிபார்ப்பீர்களா?

பல் ஆய்வுகூடத்தில் முதலிட நினைப்பவர்களும் விலைப்பட்டியலோடு நிற்காமல், கருவியைச் சரிபார்க்கும் முறை, பயிற்சி, உள்ளூர்த் திருத்தவேலை ஆகியவற்றையும் விசாரிக்க வேண்டும்.

எவ்வளவு புதிய தராசானாலும் நாம் முத்திரை குத்தித்தானே பாவிக்கிறோம்? நண்பரின் வாயில் வைத்த அந்த நீலத்தாள்தான் அங்கே படிக்கல். உரஞ்சியதற்காக அவர் கோபப்படத் தேவையில்லை. ஒரு பல்லுக்கு அந்தப் பதிவு ஏன் தேவைப்பட்டது என்பதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.