சேமிப்பும் சுற்றுலாவும்: வளர்ந்த பிள்ளைகளுடன் ஒரு பயணம் இஸ்ராஃபா?

 

 

பாடசாலை விடுமுறை நெருங்கும் காலத்தில் நம் வீடுகளில் ஒரு விவாதம் ஆரம்பமாகின்றது. மூத்த மகன் கட்டாருக்குத் தொழில் தேடிப் புறப்பட இருக்கின்றான். மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருக்கின்றாள். "எல்லோருமாக ஒரு முறை நுவரெலியாவுக்குப் போய் நான்கு நாட்கள் தங்கி வருவோம்" என்கின்றார் உம்மா. வாப்பாவின் கையில் பல வருடங்களாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் இருக்கின்றது. ஆனால் அதைத் தொட அவருக்கு மனம் வருவதில்லை. "இது இஸ்ராஃப் அல்லவா? மகளுக்கு வீடு யார் கட்டுவது?" என்கின்றார். மார்க்கத்தை முன்வைத்து எழுப்பப்படும் இக்கேள்விக்கு மார்க்கத்திலிருந்தே விடை தேடுவோம்.

ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரழி) அவர்கள் மக்காவில் கடும் நோயுற்றிருந்தபோது, தமது சொத்தின் பெரும் பகுதியைத் தர்மம் செய்துவிட நாடினார்கள். நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒன்றுக்கு மாத்திரமே அனுமதித்து, அதுவும் அதிகம்தான் என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விடுவதை விடத் தன்னிறைவுடையோராக விட்டுச் செல்வதே சிறந்தது என்றும் விளக்கினார்கள். சேமிப்பை விரும்பும் தந்தைக்கு இது பலமான ஆதாரம். எனினும் அதே ஹதீஸின் தொடரில், மனைவியின் வாயில் ஊட்டும் ஒரு கவளத்துக்கும் நற்கூலி உண்டு என்று அன்னார் கூறியதை நாம் பெரும்பாலும் எடுத்துச் சொல்வதில்லை. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இடம்பெற்றுள்ள இந்த ஹதீஸ், நாளைய நாளுக்கெனச் சேர்ப்பதையும் இன்று குடும்பத்தை மகிழ்விப்பதையும் அருகருகே வைக்கின்றது. ஸூரதுல் ஃபுர்கான், ரஹ்மானின் அடியார்களுடைய செலவு வீண்விரயத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் நடுவே அமையும் என வர்ணிக்கின்றது. விரயத்தை அஞ்சுபவர் கஞ்சத்தனத்தையும் அஞ்ச வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆனால் செலவுக்குக் கைவைக்கும் முன்னர், அப்பணத்தில் பிறருடைய உரிமை கலந்திருக்கின்றதா என்று பார்ப்பது அவசியம். தவணை வந்த கடனைக் கொடுக்காமல் சுற்றுலாப் புறப்படுவது கூடாது. ஷஹீதின் பாவங்களே மன்னிக்கப்பட்டாலும் கடன் மன்னிக்கப்படுவதில்லை என்பது ஸஹீஹான ஹதீஸ். சேமிப்பு நிஸாபை அடைந்து ஒரு சந்திர வருடம் பூர்த்தியாகியிருப்பின் 2.5 வீதம் ஸகாத் உண்டு. பயணத்துக்கென ஒதுக்கிய பணம் என்பதனால் அக்கடமை நீங்கிவிடாது. மனைவியின் மஹரும் நகையும் அவளுக்கே சொந்தமானவை. அவளது மனப்பூர்வமான சம்மதமின்றி அவற்றை விற்கக் கணவனுக்கு உரிமையில்லை. வட்டிக்கு அடகு வைத்து அப்பணத்தில் மலைநாடு பார்க்கச் செல்வதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஹஜ்ஜுக்குப் போதிய வசதி பெற்றவர், நிறைவேற்றுவேன் என்ற உறுதியோடு அதனைப் பிற்படுத்த ஷாஃபிஈ மத்ஹபில் இடமுண்டு. என்றாலும் உடல் தளர்ந்துவிடும் என அஞ்சுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் ஹஜ்ஜையே முற்படுத்த வேண்டும்.

இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022ஆம் ஆண்டை நாம் மறந்துவிடவில்லை. சில வாரங்களுக்குள் ஒரு டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. கையில் சில மாதச் செலவுக்கேனும் பணமில்லாத குடும்பங்கள் பட்ட பாட்டை நாமறிவோம். அவ்வளவு தொகையைத் தனியே ஒதுக்கி வைக்க இயலாதவர், இம்முறை கிட்டிய கடற்கரையோடு நிறுத்திக்கொள்வதே புத்தி.

இத்தனையும் நிறைவேறிய பின்னரும் கையில் பணமிருக்க, "வீடு முடியட்டும்" என்று மறுக்கும் வாப்பாவிடம் எனக்குச் சொல்ல ஒரு விடயம் உண்டு. மகளுக்கு வீடு கட்டிச் சீதனமாகக் கொடுப்பது, குறிப்பாக நமது கிழக்கு மாகாணத்தில், மார்க்கக் கடமையைப் போலவே ஆகிவிட்டது. மார்க்கமோ திருமணத்தில் கொடுக்கும் பொறுப்பை மஹர் என்ற பெயரால் ஆணின் மீதே சுமத்தியுள்ளது. அந்த வீட்டுக்காக இருபது வருடம் மத்திய கிழக்கில் உழைத்து, பிள்ளைகள் வளர்ந்ததைப் புகைப்படத்தில் மாத்திரம் பார்த்த தந்தையர் நம்மிடையே எத்தனை பேர்! 2004 டிசம்பர் 26ஆம் திகதி மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனைக்குடிக் கரையோரங்களில் ஆயுட்காலச் சேமிப்பால் எழுந்த வீடுகள் சில நிமிடங்களில் தரைமட்டமாயின. வீடு கட்ட வேண்டாம் என்று நான் கூறவில்லை. அது முடியும் நாள் வரை வாழ்க்கையை ஒத்திவைக்க வேண்டாம் என்கின்றேன். வீட்டைப் பிந்திய வருடத்திலும் கட்டலாம். மகன் கட்டாருக்குப் போய்விட்டால், மகளுக்கு நிகாஹ் முடிந்துவிட்டால், அனைவரையும் ஒரே வேனில் ஏற்றுவது அத்தனை இலகுவன்று. சிறு பிள்ளைகளுடன் போகும் பயணத்துக்கு அடுத்த வருடம் என்று ஒன்று உண்டு; வளர்ந்த பிள்ளைகளுடன் போகும் பயணத்துக்கு அந்த உத்தரவாதமில்லை.

வளர்ந்த பிள்ளைகள் விடயத்தில் கவனிக்க வேண்டிய சட்டமொன்றும் உண்டு. உழைக்க ஆற்றலுள்ள வயதுவந்த மகனுக்குச் செலவளிப்பது தந்தை மீது பொதுவாகக் கடமையில்லை. ஆகவே அவனுக்காகச் செய்யும் பயணச் செலவு அன்பளிப்பின் நிலையை அடைகின்றது. அன்பளிப்பில் பிள்ளைகளுக்கிடையே நீதி பேணுவது அவசியம். நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்களின் தந்தை, அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பைக் கொடுத்து நபியவர்களைச் சாட்சியாக்க முனைந்தபோது, ஏனைய பிள்ளைகளுக்கும் இவ்வாறு கொடுத்தீரா என வினவி, இல்லை என்றதும் அன்னார் மறுத்துவிட்டார்கள். எனவே மணமுடித்து வேறு வீட்டிலிருக்கும் மூத்த மகளையும் மருமகனையும் அழையுங்கள். அவர்களுக்கு வர இயலாவிட்டால் வேறு வகையில் ஈடுசெய்யுங்கள். அழைக்கப்படாத மகள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். ஆனால் பல வருடம் மனதில் வைத்திருப்பாள்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உம்மா வாப்பாவுடன் வெளியே போவதை வெட்கமாகக் கருதுவோர் உங்களில் உள்ளனர். நண்பர்களுடன் என்றால் மறுநாளே புறப்படுவர். உழைக்கத் தொடங்கியவர்கள் வேன் வாடகையில் ஒரு பங்கையாவது ஏற்றுக்கொள்ளுங்கள். ஏதோவொரு சினேகிதன் துபாய்க்குப் போய் எடுத்த படத்தைக் காட்டி வாப்பாவை நெருக்காதீர்கள். பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்படும் செலவுதான் உண்மையில் இஸ்ராஃபின் வாசல்.

பெற்றோரே, எங்கே போவது, எவ்வளவு செலவளிப்பது என்பதைப் பிள்ளைகளையும் அமர்த்திப் பேசுங்கள். பால்குடி மறக்கச் செய்வதைக் கூடத் தாயும் தந்தையும் கலந்தாலோசித்துச் செய்யுமாறு அல்குர்ஆன் வழிகாட்டுகின்றது. இப்ராஹீம் (அலை) அவர்கள், தம்முடன் இணைந்து உழைக்கும் பருவத்தை அடைந்த மகனிடம், அல்லாஹ்வின் கட்டளை விடயத்திலேயே அவரது கருத்தைக் கேட்டார்கள். கையிலுள்ள தொகையை ஒளிக்காமல் சொல்லிப் பாருங்கள். விடுதி வேண்டாம், உறவினர் வீட்டில் தங்கலாம், சாப்பாட்டை நாமே சமைத்துக் கொண்டு போகலாம் என்று பிள்ளைகளே செலவைக் குறைப்பார்கள். வீட்டின் வரவு செலவை அவர்கள் கற்றுக்கொள்ளவும் இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது.

பயணம் முடிவானால் தொழுகையைப் பற்றி அறிந்து கொள்ளுங்கள். கிழக்குக் கரையிலிருந்து நுவரெலியா செல்வோர் சுமார் 82 கிலோமீற்றர் என்ற எல்லையைத் தாண்டுவதால், தம் ஊரின் எல்லையைக் கடந்ததும் லுஹர், அஸர், இஷாவை இரண்டு ரக்அத்துகளாகச் சுருக்கலாம். லுஹரை அஸருடனும் மஃரிபை இஷாவுடனும் சேர்த்தும் தொழலாம். சென்றடையும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் தங்க நிய்யத் வைத்தால், அங்கு சென்றடைந்ததும் இச்சலுகை முடிவடைந்துவிடும். பள்ளிவாசலில் அவ்வூர் இமாமைப் பின்பற்றினால் நான்கையும் பூர்த்தியாகத் தொழ வேண்டும். ஸுபஹில் சுருக்கமில்லை. மலையகத்தின் அதிகாலைக் குளிர்நீரில் வுழூச் செய்வது கடினம்தான். சிரமத்திலும் வுழூவை நிறைவாகச் செய்வது பாவங்களை அழிக்கும் அமல்களில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். மகனை எழுப்பி அழைத்துச் செல்லுங்கள். கட்டாரில் அவனைத் தட்டி எழுப்ப வாப்பா இருக்கப் போவதில்லை.