மழைக்காலம்தான் நம்மூர்ச் செடிகளுக்குக் குளிர்காலம்: முருங்கையும் வேம்பும் ஏன் அழுகிப் போகின்றன?

சிரம்பான் - தோட்டத்து லயத்தின் பின்புறம் யாரும் கவனிக்காமலே காய்த்துக் குலுங்கிய முருங்கை மரம். அதே மரத்தில் ஒரு போத்தை வெட்டி வந்து தாமான் வீட்டு வாசலில் நட்டால், நான்கு மாதம் செழிப்பாகத் துளிர்க்கிறது. அக்டோபர் மழை பிடித்ததும் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்துவிடுகிறது. நெகிரி செம்பிலானில் தோட்டம் விட்டு வந்த குடும்பங்களில் இது அடிக்கடி கேட்கும் கதை. கை ராசி இல்லை என்றும், கண் பட்டுவிட்டது என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையான காரணம் மண்ணுக்குள் இருக்கிறது.

ஒரு செடி தன் சொந்த ஊரை விட்டு வேறு ஊரில் வாழும்போது, ஆண்டில் ஏதாவது ஒரு பருவம் அதற்குக் கண்டமாக அமையும். குளிர்நாடுகளில் அது பனிக்காலம். வெப்பநாட்டுச் செடிகளைப் பனியிலிருந்து காப்பாற்றி அடுத்த வசந்தம் வரை கொண்டுசேர்ப்பது அங்கே தோட்டக்காரர்களின் பெரிய கலை. பஹாவிலும் ரெம்பாவிலும் பனி பெய்வதில்லை. ஆனால் வேம்பு, முருங்கை, மாதுளை, வில்வம் எல்லாம் வறண்ட நிலத்துச் சொந்தங்கள். அவற்றுக்கு நம் மழைக்காலமே குளிர்காலம்.

தமிழ்நாட்டில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாகச் சுமார் 950 மில்லிமீட்டர். அதுவும் பெரும்பாலும் சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் மண் நன்றாகக் காயும். தீபகற்ப மலேசியாவின் சராசரி சுமார் 2,400 மில்லிமீட்டர். மேற்குக் கரைப் பக்கம் ஆண்டுக்கு இரண்டு முறை மழை உச்சம் தொடுகிறது: ஏப்ரல் - மே மாதங்களில் ஒரு முறை, அக்டோபர் - நவம்பரில் அதைவிட அதிகமாக இன்னொரு முறை. ஜனவரி - பிப்ரவரியிலும் ஜூன் - ஜூலையிலும்தான் சற்று ஓய்வு. மாநிலத்துக்குள்ளேயே வேறுபாடும் உண்டு. மலைகளுக்கு நடுவே மறைந்திருக்கும் ஜெலுபு, தீபகற்பத்தில் மழை குறைந்த இடங்களில் ஒன்று. கோல கிளாவாங்கில் நன்றாக நிற்கும் வேம்பின் கன்று சிரம்பானில் தடுமாறினால் வியப்பதற்கில்லை.

*வேர் மூச்சுத் திணறும் கதை*

வேரும் மூச்சு விடுகிறது. மண்துகள்களுக்கு இடையே உள்ள சின்னச் சின்ன இடைவெளிகளில் இருக்கும் காற்றிலிருந்து அது உயிர்வளியை எடுத்துக்கொள்கிறது. மழைநீர் வடியாமல் நின்றால் அந்த இடைவெளிகள் எல்லாம் நீரால் நிரம்பிவிடும். காற்றில் பரவுவதைவிட நீரில் உயிர்வளி ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். நெல்லும் சேம்பும் தண்டுக்குள்ளேயே காற்றுக் குழாய் வைத்திருப்பதால் தப்பித்துக்கொள்கின்றன. முருங்கைக்கு அந்த வசதி இல்லை. முதலில் வேர் நுனிகள் சாகின்றன. பிறகு, ஈர மண்ணில் நீந்திப் பரவக்கூடிய பைத்தியம், பைட்டோப்தோரா போன்ற அழுகல் நுண்ணுயிர்கள் அந்தச் செத்த இடத்தின் வழியே உள்ளே புகுகின்றன.

இதில் ஒரு கொடுமை உண்டு. வேர் செத்த செடியால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால் இலை வாடித் தொங்கும். பார்ப்பதற்குத் தாகத்தில் வாடியது போலவே இருக்கும். வீட்டில் உள்ளவர்கள் பாவம் என்று இன்னும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவார்கள். செடி அன்றே முடிந்தது. மண் ஈரமாக இருக்கும்போது இலை மஞ்சளாகி வாடினால் தண்ணீரை நிறுத்த வேண்டும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பது, எந்த உரத்தையும்விடப் பயன் தரும் வேலை.

லயத்தில் நின்ற மரம் தாமானில் நிற்காததற்கு மண்ணும் ஒரு காரணம். பல தோட்டங்களில் லயங்கள் மேட்டில் இருந்தன. மழை பெய்த சூட்டோடு நீர் இறங்கிவிடும். சமையலறைப் பின்புறம் அடுப்புச் சாம்பல், காய்கறித் தோல், சருகு என்று ஆண்டுக்கணக்கில் விழுந்து மண் பொதபொதவென்று இருந்தது. நம் மண்ணின் அமிலத்தன்மையைச் சாம்பல் ஓரளவு தணித்தும் வந்தது. புதிய குடியிருப்பில் நிலைமை தலைகீழ். குன்றை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, இயந்திரத்தால் இறுக்கிய மண். மேல்மண் எங்கோ போய்விட்டது. வாசலில் இருப்பது அடிமண் களிதான். அதில் குழி தோண்டி நல்ல மண் போட்டு நட்டால், அந்தக் குழி மழையில் கிணறாகிவிடும். சுற்றியுள்ள களி நீரை விடாது.

*யூக்கா சொல்லும் பாடம்*

குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களும் இதே இடத்தில்தான் அடி வாங்குகிறார்கள். அலுவலக முகப்புகளில் தடித்த கட்டைமேல் கத்தி போன்ற இலைக்கொத்துடன் நிற்குமே, அந்த யூக்காவை இங்கே பலர் பார்த்திருப்பார்கள். அது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியின் வகை. எல் சல்வடோரின் தேசியப் பூவும் அதுதான். அதன் உறவான இன்னொரு வகை, கனடாவின் தென் அல்பர்ட்டா வரை இயற்கையாகவே வளர்கிறது. கடும் உறைபனியைத் தாங்கும் அந்த வகையே, குளிரும் மழையும் சேர்ந்து வரும் ஊர்த் தோட்டத்தில் அழுகிச் சாகிறது. வறண்ட குளிரைத் தாங்குகிற செடி ஈரக் குளிரைத் தாங்குவதில்லை.

அதனால் அங்கே யூக்கா வளர்ப்பவர்கள், மண்ணை மேடாக்கிச் சரளையும் மணலும் கலக்கிறார்கள். நடுக்குருத்தில் நீர் நிற்காதபடி இலைகளைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். மேலே ஒரு சிறு கூரை. பக்கங்கள் திறந்தே இருக்கும். குளிர் தொடங்கும் முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். செடிக்குள் நீர் குறைந்து சாறு கெட்டியானால் எளிதில் உறையாது என்பது கணக்கு. கூரை, மேடு, தண்ணீர்க் குறைப்பு மூன்றும் நம் வாசலுக்கும் அப்படியே பொருந்தும்.

இந்தப் பருவக் கண்டம் தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. அமேசான் காட்டிலிருந்து வந்த ரப்பர் மரத்தின் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றின் வழிவந்த மரங்கள்தாம் பின்னாளில் இந்த மாநிலத்தை நிறைத்தன. ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் மரம் இலை முழுவதையும் கொட்டிவிடும். பனியே இல்லாத நாட்டில் அதற்குத் துரைமார் வைத்த பெயர் 'வின்டரிங்'. அந்த வாரங்களில் பால் குறையும். பாலோடு சேர்ந்து சம்பளமும் குறையும். புதுத் துளிர் வரும்போது மழை பிடித்தால் பூஞ்சணம் தாக்கி அதையும் உதிர்த்துவிடும். மரத்தின் ஓய்வை மதிக்கத் தெரிந்தவர்கள், வாசல் முருங்கைக்கு மட்டும் தினமும் தண்ணீர் ஊற்றுவது விசித்திரம்தான்.

*எப்போது, எப்படி நடுவது?*

முருங்கைக்குக் கட்டைவிரலைவிடப் பருத்த, மூன்று நான்கு அடி நீளப் போத்து நல்லது. வெட்டியவுடன் நடாமல் நிழலில் சில நாள் வைத்து வெட்டுவாயைக் காயவிட வேண்டும். மழை ஓய்ந்த ஜனவரியில் நட்டால் அடுத்த பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். குழி தோண்டாமல், மணலும் சருகு மக்கும் கலந்த மண்ணை ஒன்றரை அடி மேடாக்கி அதன் உச்சியில் நடுவது உத்தமம். சிமெண்டு வளையம் கிடைத்தால் வேலை எளிது. செப்டம்பரில் கிளைகளைக் கழித்துவிட்டால் காற்றில் முறியாது. மழைக்கு முன் யூரியா போட்டு இளந்துளிரை வரவழைப்பது அழுகலுக்கு வரவேற்பு வைப்பது போல. ஈரம் மிகுந்தால் பூ உதிரும் என்பதால், கீரை தாராளமாகவும் காய் சற்றுக் குறைவாகவும் கிடைக்கும்.

வேம்பைப் போத்தில் கொண்டுவருவது கடினம், விதைதான் வழி. வேப்பங்கொட்டையின் உயிர் சில வாரங்களே. பழுத்து விழுந்ததைச் சதை நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஊரிலிருந்து வரும் உறவினர் பையில் வைத்துக் கொண்டுவரும் பழைய கொட்டை முளைக்காததற்கு இதுவே காரணம். தவிர, விதையோ கன்றோ வெளிநாட்டிலிருந்து அனுமதியின்றிக் கொண்டுவருவது 1976ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி குற்றம். இங்கேயே கோயில் வேம்பின் அடியில் பொறுக்குவது நல்லது.

கறிவேப்பிலை இவ்வளவு கெடுபிடி செய்யாது. தாய்ச்செடியின் பக்கக் கன்றை வேரோடு எடுத்தால் போதும். பாலைவன ரோஜா என்று விற்கப்படும் அடேனியம் நேர்மாறு. அதன் பருத்த அடி கல் போல் இறுகி இருக்க வேண்டும். அழுத்தினால் உள்வாங்கினால் அழுகல் தொடங்கிவிட்டது. அக்டோபர் வந்ததும் அதை அஞ்சடிக்குள் நகர்த்திவிட வேண்டும். பூச்சாடியின் அடித்தட்டைத் தூக்கி எறியலாம். தேங்கும் நீர் வேருக்கும் கேடு, ஏடிஸ் கொசுவுக்கும் தொட்டில். டிங்கி சோதனையில் மாட்டினால் அபராதமும் உண்டு.

தோட்டம் கைமாறி லயத்தைக் காலி செய்யச் சொல்லும் கடிதம் பருவம் பார்த்து வருவதில்லை. நவம்பரில் கிளம்ப நேர்ந்தால் போத்துகளை நேரே மண்ணில் நடாமல், அடியில் நிறைய துளையிட்ட பழைய பெயின்ட் வாளியில், மணல் பாதி கலந்து, கூரைத் தாழ்வாரத்தில் வெளிச்சம் படும் இடத்தில் வைத்திருந்து ஜனவரியில் இறக்கலாம். மலிவு விலை அடுக்குமாடிக்குப் போகிறவர்களுக்கு அந்த வாளியே நிரந்தர வீடு. முருங்கையை அடிக்கடி வெட்டிக் குட்டையாக வைத்தால் கீரைக்குக் குறைவிருக்காது. வேம்புக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கும் என்பதால் வாளி சில ஆண்டுகளுக்கே தாங்கும். அதற்குள் கோயில் நிலத்திலோ தமிழ்ப்பள்ளி வளாகத்திலோ இடம் கேட்டு வைப்பது நல்லது. வீட்டு முன் சாலையோரப் பட்டை நமக்குச் சொந்தமில்லை. ஊராட்சி மன்றத்தைக் கேட்காமல் அங்கே மரம் வைத்தால் ஒரு நாள் வெட்டப்படலாம்.

டொராண்டோவில் உள்ள தமிழர் வீடுகளில் கறிவேப்பிலைச் சாடி இலையுதிர் காலத்திலேயே உள்ளே வந்துவிடும். இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன் எடுத்துவிடுகிறார்கள். உள்ளே வந்தும் இலை முழுவதும் கொட்டி, பிப்ரவரியில் வெறும் குச்சியாக நிற்பதுண்டு. அப்போது அவர்கள் தண்டின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்பார்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தண்ணீரைக் குறைத்து மூன்று மாதம் காத்திருப்பார்கள். பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே கீற வேண்டும். டிசம்பர் மழையில் மொட்டையாகிப் போன வாசல் முருங்கையைப் பிடுங்கி எறிவதற்கு முன் இங்கேயும் அதே சோதனையைச் செய்யலாம். பச்சை தெரியும் இடத்துக்கு இரண்டு அங்குலம் மேலே சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் சாம்பல் தடவிவிட்டால், வறட்சி மாதங்களில் பக்கத்திலிருந்து துளிர்த்து வர வாய்ப்புண்டு.