வலியின் வாயில்கள்

நோயாளரைச் சந்திக்கச் செல்லும் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. ஒரே வகை அறுவை மருத்துவம் செய்துகொண்ட இருவர் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருக்கின்றனர். ஒருவர் எழுந்து உட்கார்ந்து நம்மோடு உரையாடுகிறார். மற்றவரோ புரண்டு படுக்கவும் இயலாமல் முனகுகிறார். முன்னவர் திடமனமுடையவர் என்றும் பின்னவர் பொறுமையற்றவர் என்றும் நம் உள்ளம் உடனே தீர்ப்பளித்துவிடுகிறது. வேறொருவர் பல மாதங்களாக முதுகுவலி என்கிறார். எல்லாச் சோதனைகளும் செய்தாயிற்று. படங்களில் குறை ஏதும் தென்படவில்லை. "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டாரே கூறத் தொடங்கிவிட்டனர். இத்தீர்ப்புகள் சரியானவைதாமா? வலியைப் பற்றி நடைபெற்றுள்ள ஆய்வுகளின் ஒளியில் இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மணிக்கயிறு

பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சு மெய்யியலார் டெக்கார்ட், மனித உடலின் இயக்கத்தை விளக்கி எழுதிய நூல் அவருடைய மறைவுக்குப்பின் 1660களில் வெளிவந்தது. நெருப்பருகே பாதத்தை வைத்திருக்கும் ஒருவனின் படம் அதில் இடம்பெற்றுள்ளது. கயிற்றின் அடிநுனியை இழுத்தால் மேலே மணி ஒலிப்பதைப் போல, பாதத்தைத் தீ தாக்கியதும் அங்கிருந்து செல்லும் இழை மூளையில் வலியை எழுப்புகிறது என்பது அவர் தந்த விளக்கம். இதன்படி, இழுப்பு எவ்வளவோ ஒலியும் அவ்வளவே. காயம் எவ்வளவோ வலியும் அவ்வளவே.

இவ்விளக்கம் முற்றிலும் பிழையன்று. வெப்பம், அழுத்தம், வேதிப்பொருள் ஆகியவற்றால் கேடு நேரும்போது அதை அறிவிக்கும் நரம்புகள் உடலெங்கும் உள்ளன. காலில் முள் தைத்தவுடன் கூர்மையான வலியும், சற்றுப் பின்னர் மந்தமான எரிச்சலும் தோன்றுவதை நாம் அறிவோம். விரைந்து செய்தி கொண்டுசெல்லும் நரம்பிழைகள் ஒருவகை. நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே செல்லும் மெல்லிய இழைகள் மற்றொரு வகை. இவ்விரண்டின் வேறுபாடே அதற்குக் காரணம்.

ஆயினும் மணிக்கயிற்றால் விளக்க முடியாத செய்திகள் பல. இரண்டாம் உலகப்போரின்போது இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், கடுமையாகக் காயமுற்ற போர்வீரர்களிடம் வலிமருந்து வேண்டுமா என்று கேட்டார். ஏறத்தாழ நால்வரில் மூவர் வேண்டாம் என்றனர். பின்னர் நாட்டில் அறுவை மருத்துவம் செய்துகொண்ட பொதுமக்களை அவர் ஆராய்ந்தபோது, அவர்களுள் பெரும்பாலோர் மருந்து கேட்டதைக் கண்டார். போர்வீரனுக்குக் காயம் என்பது சாவினின்று தப்பி வீடு திரும்பும் வாய்ப்பு. மற்றவருக்கு அதுவே பேரிடர். காயத்தின் பொருள் வலியின் அளவை மாற்றிவிடுகிறது என்பது பீச்சரின் முடிவு. மற்றொன்று, கை கால் இழந்தோர் பலர், இல்லாத அவ்வுறுப்பிலேயே வலியை உணர்கின்றனர். கயிறே அறுந்தபின் மணி ஒலிப்பது எவ்வாறு?

2. வாயிற்காவல்

1965ஆம் ஆண்டில் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் இரு அறிஞர்கள் புதிய கோட்பாடு ஒன்றை முன்வைத்தனர். உடலிலிருந்து வரும் வலிச்செய்தி நேரே மூளைக்குச் சென்றுவிடுவதில்லை. தண்டுவடத்தில் அதற்கு ஒரு வாயில் உண்டு. தொடுவுணர்வைக் கொண்டுவரும் நரம்புகள் அவ்வாயிலைச் சாத்த முயல்கின்றன. முழங்காலில் அடிபட்ட குழந்தையின் காலைத் தாய் நீவிவிட வலி குறைவது இதனாலேயே. மேலும், மூளையே கீழ்நோக்கிக் கட்டளை அனுப்பி வாயிலைத் திறக்கவோ அடைக்கவோ செய்கிறது. அச்சம், கவனம், நினைவு, நம்பிக்கை ஆகியவை வலியில் தலையிடும் வழி இது. அவர்கள் வரைந்த நரம்பு இணைப்புகளின் விவரங்கள் பின்னர்த் திருத்தப்பட்டன. அடிப்படைக் கருத்தோ நிலைபெற்றுவிட்டது.

மூளை எதனைக்கொண்டு வாயிலை அடைக்கிறது? 1975ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ் ஆகியோர் பன்றியின் மூளையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். அபினிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபின் எந்த நரம்பணுப் பூட்டுகளைத் திறக்கிறதோ, அதே பூட்டுகளைத் திறக்கும் சாவி அது. உடல் தனக்கென வலிமருந்தைத் தானே செய்துகொள்கிறது என்பது அன்று புலனாயிற்று.

மூன்றாண்டுகளுக்குப்பின், 1978இல், கடைவாய்ப்பல் எடுக்கப்பட்டவர்களிடம் அமெரிக்க ஆய்வாளர் ஓர் ஆய்வு நடத்தினர். மருந்தேயில்லாத வெறும் ஊசியைப் பெற்றோருள் சிலருக்கு வலி குறைந்தது. மார்ஃபினின் செயலைத் தடுக்கும் மருந்தை அவர்களுக்குச் செலுத்தியதும் வலி மீண்டும் மிகுந்தது. நம்பிக்கையால் வலி குறைந்தது என்றால் அவ்வலி பொய்யானது என்று பொருளன்று. நம்பிக்கையும் உடலின் வேதிப்பொருள் வழியாகவே செயற்படுகிறது என்பதற்கு இவ்வாய்வு தொடக்கச் சான்றாக அமைந்தது.

3. காவலனில்லாத வீடு

அப்படியாயின் வலியே இல்லாதிருப்பது பேறு அன்றோ? இதற்கு விடை நம் நாட்டிலேயே கிடைத்தது. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் கைகளையும் கால்களையும் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். தொழுநோயால் விரல்கள் அழுகி விழுகின்றன என்பதே அந்நாளில் பலர் கொண்டிருந்த எண்ணம். உண்மை வேறு என்று அவர் கண்டார். நோய் நரம்பைக் கெடுத்து வலியுணர்வை நீக்கிவிடுகிறது. பின்னர்ச் சூடான பாத்திரமும், செருப்பில் புகுந்த ஆணியும், ஓயாத அழுத்தமும் உணரப்படாமலே உறுப்புகளைச் சிதைக்கின்றன.

1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்டு, அங்கே செயற்கை வலியமைப்பு ஒன்றை உருவாக்க முயன்றார். கையுறையில் பொருத்திய கருவி, அழுத்தம் மிகும்போது ஒலியெழுப்பும். நோயாளர் அவ்வொலியைப் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி தரும்படி மாற்றியபோது, வேலைக்கு இடையூறு என்று கருவியை நிறுத்திவிட்டனர். நாம் விரும்பும்போது நிறுத்த முடியாதது என்பதாலேயே வலி நம்மைக் காக்கிறது என்ற பாடத்தை அம்முயற்சியின் தோல்வி கற்பித்தது.

பாகிஸ்தானின் வட பகுதியில் பிறவியிலேயே வலியறியாத பிள்ளைகள் சிலரைப் பற்றிய ஆய்வு 2006இல் வெளிவந்தது. அவ்வாய்வுக்குத் தூண்டுதலாயிருந்த சிறுவன் தெருவில் வேடிக்கை காட்டுபவன். தணல்மேல் நடப்பான், கைகளில் கத்தியைச் செருகிக்கொள்வான். பதினான்கு வயது நிறையுமுன் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். வலிநரம்புகளில் சோடியம் அயனிகளை உள்ளே விடும் ஒரு நுண்வாயில் அப்பிள்ளைகளின் உடலில் இயங்கவில்லை என்று ஆய்வாளர் கண்டறிந்தனர்.

4. ஓயாத மணி

காவலன் இல்லாமை ஒரு கேடு. காரணமின்றி இரவும் பகலும் கூவும் காவலன் மற்றொரு கேடு. 1983இல் கிளிஃபர்டு உல்ஃப் என்பார், காயத்திலிருந்து தொடர்ந்து வரும் செய்திகளால் தண்டுவடத்து நரம்பணுக்களே கூருணர்வு அடைந்துவிடுவதைக் காட்டினார். அந்நிலையில் மெல்லிய தொடுதலும் வலியாகிறது. புண் ஆறிய பின்னரும் இந்நிலை நீடிக்கலாம். அப்போது வலி வேறொரு நோயின் அறிகுறியாக இராமல், தானே நோயாகிவிடுகிறது. 2022 முதல் நடைமுறையிலுள்ள உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் இத்தகைய வலியைத் தனி நோயாகவே ஏற்றுள்ளது. படத்தில் குறை தென்படாமை வலியில்லை என்பதற்குச் சான்றாகாது. எலும்பைக் காட்டும் படம், தண்டுவடத்தின் கூருணர்வைக் காட்டுவதில்லை.

5. புதிய வழிகள்

மிளகாயை அரைத்த கை எரிவது ஏன்? இவ்வெளிய வினா பெரும் கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தது. மிளகாயின் காரப்பொருள் பற்றிக்கொள்ளும் நரம்புப் புரதத்தை 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டறிந்தனர். ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தையும் அதே புரதம் உணர்த்துகிறது. ஆகையால் காரமும் சூடும் ஒன்றுபோல எரிகின்றன. ஜூலியசுக்கு 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. மிகுந்த செறிவுள்ள காரப்பொருள் நரம்பு முனைகளை ஓயச்செய்வதால், அக்கிக்குப்பின் தங்கிவிடும் நரம்பு வலிக்கு அதனைப் பட்டையாக ஒட்டும் மருத்துவம் பயன்பாட்டில் உள்ளது. அப்புரதத்தை முற்றிலும் அடைக்கும் மருந்துகளோ, உடல்வெப்பத்தை ஏற்றியும் சூட்டை அறியும் உணர்வைக் குறைத்தும் தொல்லை தந்தன. பிராண்டு கற்ற பாடம் இங்கும் திரும்பி வந்தது.

சோடியம் வாயில்களைப் பற்றிய ஆய்வும் பயன் தந்துள்ளது. அவற்றுள் ஒன்றை மட்டும் அடைக்கும் சுசெட்ரிஜின் என்னும் மருந்துக்கு அமெரிக்க அரசு 2025 ஜனவரியில் இசைவளித்தது. அறுவைக்குப் பின் வரும் வலி போன்ற குறுகியகால வலிக்கே இவ்விசைவு. இம்மருந்து மூளையில் செயற்படும் அபின் வகையைச் சேர்ந்ததன்று. 1990களிலிருந்து அபின் வகை மாத்திரைகள் கட்டுப்பாடின்றி எழுதித் தரப்பட்ட அமெரிக்காவில், அடிமைப்பழக்கமும் மிகைமருந்துச் சாவுகளும் பெருகியதை நினைத்தால் இதன் சிறப்பு விளங்கும். ஆயினும் இது எல்லா வலியையும் தீர்க்கும் மருந்தன்று.

மருந்தில்லா வழிகளும் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் கண்ணாடிப் பெட்டி ஒன்றைப் பயன்படுத்தினார். இருக்கும் கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தோன்ற, மூளை அது அசைவதாகக் காண்கிறது. சிலருக்கு இல்லாத கையின் வலி தணிந்தது.

6. நம்பப்படாத வலி

இவ்வளவு அறிந்தும், வலியைத் தணிக்கத் தடையாய் நின்றது பெரும்பாலும் அறியாமையன்று, நம்பாமையே. பச்சிளங்குழந்தைகளுக்கு வலி முழுமையாகத் தெரியாது என்ற எண்ணத்தால், 1980கள் வரை பல மருத்துவமனைகளில் மிகக் குறைந்த மயக்கமருந்தோடு அவர்களுக்கு அறுவை நடந்தது. 1987இல் கன்வல்ஜீத் ஆனந்தும் அவருடைய துணைவரும் வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு, தக்க வலிமருந்து பெற்ற குழந்தைகளின் உடலில் அதிர்ச்சி விளைவுகள் குறைந்ததைக் காட்டியது. குழந்தைகள் சொல்லால் கூற இயலவில்லை; நாம் கேட்கவில்லை.

அபின் விளையும் நம் நாட்டிலேயே, 1985ஆம் ஆண்டின் போதைமருந்துச் சட்டத்திற்குப்பின் மருத்துவ மார்ஃபினின் பயன்பாடு வெகுவாகக் குறைந்தது. பல உரிமங்கள் பெறவேண்டிய தொல்லைக்கு அஞ்சி மருத்துவமனைகள் அதனை வைத்திருப்பதையே விட்டன. புற்றுநோயாளர் வலியோடு மடிந்தனர். கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் முதலியோர் தொடங்கிய வலித்தணிப்புப் பணியும், தொடர்ந்து நடைபெற்ற முயற்சிகளும் 2014இல் அச்சட்டம் திருத்தப்பட வழிசெய்தன. நோயாளியைத் தக்கவாறு கண்காணித்து, வேளை தவறாமல் கொடுக்கப்படும் மார்ஃபின் அவருக்கு நன்மை செய்கிறது. அளவறிந்து கொடுப்பதற்கும், அஞ்சி மறுப்பதற்கும், வரம்பின்றி வழங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் தெளிவாகக் காணவேண்டும்.

இலண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ், சாகும் தறுவாயிலுள்ளோரின் துன்பத்தை "முழுமை வலி" என்று அழைத்தார். உடலின் நோவும், உள்ளத்தின் அச்சமும், குடும்பத்தைப் பற்றிய கவலையும், வாழ்வின் பொருளைப் பற்றிய கேள்வியும் அதில் பின்னிக் கிடக்கின்றன. ஆகையால் மருந்தைக் கொடுத்துவிட்டுத் துணையின்றி விடுவதும் போதாது. துணையிருந்து மருந்தை மறுப்பதும் தகாது.

தொடக்கத்தில் கண்ட இரு கட்டில்களுக்குத் திரும்புவோம். முனகுபவரின் தண்டுவடத்து வாயில் திறந்து கிடக்கலாம். அவருக்கு அக்காயம் வேலையிழப்பாகவோ கடனாகவோ தோன்றலாம். இவற்றை அவர் கட்டிலருகே நின்று நாம் அளந்தறிய முடியாது. வலியை அளக்க இன்றுவரை நம்பத்தக்க கருவி ஒன்றேயுள்ளது; அது வலியுற்றவரின் சொல்லே. அடுத்த முறை நோயாளரின் அருகே செல்லும்போது, பொறுத்துக்கொள்ளும்படி அறிவுரை கூறுமுன் இரண்டு கேள்விகளை நாம் கேட்கலாம்: "வலி எப்படி இருக்கிறது? மருத்துவரிடம் சொன்னீர்களா?" சொல்லவில்லையென்றால் அவருக்காகச் சென்று சொல்வதும் நம் பணியேயாகும்.