சுட வெச்சா சரியாப் போயிடுமா?

காலை ஐந்தரை மணி. மாத்தூர் எம்.எம்.டி.ஏ. பக்கம் பல வீடுகளில் உலை கொதித்து முடிந்து கஞ்சி வடிந்துகொண்டிருக்கும் நேரம். மணலி கம்பெனிகளுக்குப் போகிறவருக்கு ஒரு டிபன் பாக்ஸ், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு இரண்டு. ஆவி பறக்கும் சோற்றை அப்படியே டப்பாவில் அமுக்கி, மேலே குழம்பை ஊற்றி, மூடியை இறுக்கிப் பைக்குள் வைத்தால் ஒரு வேலை முடிந்தது. அந்த மூடி மறுபடி திறப்பது மதியம் பன்னிரண்டரைக்கு.

பானையில் மிஞ்சிய சோறு அடுப்பு மேடையிலேயே தட்டு போட்டு மூடிக் கிடக்கும். மதியம் அதில் கொஞ்சம், ராத்திரிக்கு மீதி. சாப்பிடும் முன் முகர்ந்து பார்ப்பார்கள். ஊசல் வாடை இல்லை, தொட்டால் நூல் விடவில்லை. அப்புறம் என்ன, "சுட வெச்சா சரியாப் போயிடும்."

பெரும்பாலான நாட்களில் ஒன்றும் ஆகாது. அதனால்தான் இந்த நம்பிக்கை இவ்வளவு திடமாக நிற்கிறது. ஆனால் ஏதாவது ஆகிற நாளில், சுட வைத்தது கொஞ்சமும் உதவாது.

பழியைச் சுமக்க வேண்டியது பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. இதன் வீடு மண். வயலிலிருந்து நெல்லோடு ஒட்டிக்கொண்டு வந்து, அரிசி மூட்டையில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். காய்ந்த இடத்தில் பிழைத்திருக்க அதனிடம் ஒரு தந்திரம் உண்டு. தன்னைச் சுற்றிக் கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு விதை மாதிரி உறங்கிவிடும். ரேஷன் அரிசி, பொன்னி, பாஸ்மதி என்று அது பேதம் பார்ப்பதில்லை. அரிசியை நாலு தண்ணீர் விட்டுக் களைந்தாலும் முழுவதும் போகாது. உலை கொதிக்கும்போது மற்ற கிருமிகள் செத்துவிடும்; ஓட்டுக்குள் இருக்கும் இதற்கு அந்தக் கொதி பள்ளியெழுச்சி மாதிரி. சூடு தட்டியதும் விழித்துக்கொள்கிறது. எழுந்து பார்த்தால் ஈரமான, வெந்த, மாவுச்சத்து நிறைந்த சோறு. போட்டிக்கு வேறு கிருமியும் இல்லை.

மிச்சத்தைச் சோற்றின் சூடு முடிவு செய்கிறது. 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும்வரை இந்தக் கிருமி பெருகாது. 5 டிகிரிக்குக் கீழே போனாலும் ஏறக்குறைய முடங்கிவிடும். நடுவில்தான் ஆபத்து, அதிலும் 30 முதல் 37 டிகிரி வரை அதற்குக் கொண்டாட்டம். மே மாதம் சென்னையில் நள்ளிரவில்கூட வெப்பம் 28 டிகிரியை ஒட்டியே நிற்கும். பகலில் 40-ஐத் தொடும். அதாவது, நம் சமையலறை மேடை அந்தக் கிருமிக்கென்றே அளவெடுத்துக் கட்டியது போல இருக்கிறது.

வசதியான சூட்டில் இது ஏறக்குறைய அரை மணிக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, எட்டு மணி நேரத்தில் 65,536. விழித்து எழுந்து வேலையைத் தொடங்க ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும் என்பது மட்டும்தான் நமக்குக் கிடைக்கிற சலுகை. ஒரு கிராம் சோற்றில் லட்சம் என்ற கணக்கை எட்டினால் உடம்புக்குப் படுத்தலாம் என்கிறார்கள் நுண்ணுயிரியல் அறிஞர்கள். இந்தப் பெருக்கத்தில் வாடையோ நிறமோ மாற வேண்டிய கட்டாயமில்லை. மூக்கைக் காவலுக்கு வைத்தவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

கிருமியைச் சுட்டுக் கொன்றுவிடலாமே? கொல்லலாம். ஆனால் அது பெருகும்போது சோற்றுக்குள் விட்டுவைக்கும் நஞ்சு ஒன்று இருக்கிறது, செரியூலைடு என்று பெயர். பிரஷர் குக்கருக்குள் ஏறும் 120 டிகிரிச் சூட்டையும் அது தாங்கி நிற்கும். வாணலியில் எண்ணெய் விட்டு, முட்டை உடைத்து ஊற்றி, மிளகுத்தூள் தூவிக் கிளறினாலும் அசையாது.

இதை உலகுக்கு எடுத்துக் காட்டியது ஃப்ரைடு ரைஸ்தான். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களில் சாப்பிட்டவர்கள் சில மணி நேரத்திலேயே வாந்தியெடுத்த சம்பவங்கள் அடுத்தடுத்து வந்தன. விசாரித்தபோது விஷயம் புரிந்தது. சோற்றை மொத்தமாக வேக வைத்து, ஃபிரிட்ஜில் வைத்தால் கட்டி தட்டிவிடும், உதிரியாக வறுக்க வராது என்று மணிக்கணக்கில் வெளியிலேயே விட்டிருக்கிறார்கள். ஆர்டர் வந்ததும் கொஞ்சம் அள்ளி, தீயில் ஒரு புரட்டு. நம் தெருமுனை வண்டிக்கடையிலும் வீட்டு முட்டை சாதத்திலும் நடப்பது இதேதானே.

சோறு மட்டும் என்றில்லை, மாவுப் பண்டம் எதுவானாலும் இதே கதைதான். 2008-ல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள் வெளியில் கிடந்த ஸ்பாகெட்டியை மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட்டு, அன்றிரவே இறந்துபோனார். அந்த நஞ்சு கல்லீரலைத் தாக்கிய விவரம் 2011-ல் மருத்துவ இதழில் வெளியாயிற்று. இது மிக அரிதான முடிவு. வழக்கமாக நடப்பது, சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும். இன்னொரு வகையில், எட்டிலிருந்து பதினாறு மணி நேரம் கழித்து வயிற்றுவலியும் பேதியும். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். பழி காசிமேட்டில் வாங்கிய மீன் மேலோ "பித்தம்" மேலோ விழும். சோற்றை யாரும் சந்தேகிப்பதில்லை. ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுத்து நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டால் பெரியவர்கள் தேறிவிடுவார்கள். குழந்தைகளும் முதியவர்களும் துவண்டு போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போவதில் தாமதம் கூடாது.

அப்படியானால் பழைய சோறு?

கேட்க வேண்டிய கேள்விதான். ராத்திரி முழுக்க வெளியில் கிடந்த சோற்றைத்தான் தலைமுறை தலைமுறையாக வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு சாப்பிட்டு வருகிறோம். அதை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட இடமும் வடசென்னையில்தான் இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் இரைப்பை குடல் அறுவை சிகிச்சைத் துறை, குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு எப்படி உதவுகிறது என்று அரசு நிதியோடு ஆய்வில் இறங்கியது. பொருத்தம் பாருங்கள்: 1782-ல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததுதான் அந்த ஆஸ்பத்திரி. இப்பகுதிப் பெரியவர்கள் வாயில் அது ஸ்டான்லி இல்லை, கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி.

பழைய சோற்றின் சூட்சுமம் தண்ணீரில் இருக்கிறது. ஆறிய சோறு மூழ்கும்படி தண்ணீர் ஊற்றி வைத்தால், தயிரைப் புளிக்க வைக்கும் ரகத்தைச் சேர்ந்த லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதில் பெருகுகின்றன. விடிவதற்குள் நீராகாரம் புளிப்பேறிவிடும். அந்தப் புளிப்பில் சீரியஸ் கிருமியால் வளர முடியாது. தினமும் அதே மண்சட்டியைப் புழங்குவதால் நேற்றைய நல்ல கிருமிகள் இன்றைய சோற்றுக்கு உறை மோர் மாதிரி ஆகின்றன. சட்டியின் சுவரில் நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே குளிர்ச்சியும் கொஞ்சம் கிடைக்கிறது.

ஆனால் அதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. காலையில் வடித்த சோற்றை நாள் முழுக்க மேடையில் கிடத்திவிட்டு, ராத்திரி பத்து மணிக்குத் தண்ணீர் ஊற்றினால் அது பழைய சோறு ஆகாது, கெட்ட சோற்றில் ஊற்றிய தண்ணீர் ஆகும். அதற்குள் நஞ்சு இறங்கியிருந்தால் புளிப்பு அதைத் தீர்க்காது. ராத்திரி வடித்த சோறு ஆறினதும் சுத்தமான தண்ணீரை ஊற்றி, காலையிலேயே சாப்பிட்டு முடிப்பதுதான் வழக்கம். புளிப்பே ஏறாமல் வழவழவென்று இருந்தால் கொட்டிவிட வேண்டும்.

ஆற வைப்பதிலும் நம் முன்னோர் கெட்டிக்காரர்கள். கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் சோற்றை வடித்ததும் பாய் மேல் வெள்ளை வேட்டி விரித்துக் கொட்டிப் பரப்புவதைப் பார்த்திருப்போம். புளியோதரைக்கும் அப்படித்தான்: அகலத் தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, ஆறிய பிறகு புளிக்காய்ச்சல். பதம் உதிரியாக வருவதற்காகச் செய்தது, பாதுகாப்புக்கும் ஆயிற்று. பரப்பினால் சூடு சட்டென்று இறங்கும். புளியின் அமிலம் கிருமியைத் தடுக்கும். பானையில் குவிந்து கிடக்கும் சோறு மேலே ஆறினாலும் நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

ஆகவே கவனம் வேண்டியது சுட வைக்கிற நேரத்தில் அல்ல, வடித்த பிறகு வரும் முதல் ஒரு மணி நேரத்தில். ராத்திரிக்கு வேண்டிய சோற்றைக் காலையிலேயே தனியாக எடுத்துத் தட்டில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் ஆற விட்டு, ஆழமில்லாத டப்பாவில் போட்டு மூடி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். பிரிட்டனின் உணவுத் தர முகமை சொல்வதும் ஒரு மணி நேரக் கணக்குதான். ஃபிரிட்ஜில் ஒரு நாளுக்கு மேல் வேண்டாம் என்றும் சொல்கிறது. அமெரிக்க வேளாண் துறை இரண்டு மணி நேரம் தருகிறது, ஆனால் வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் அதுவும் ஒரு மணிதான். நமக்குப் பொருந்துவது இந்த ஒரு மணி.

கரண்ட் போனால், கதவைத் திறக்காத ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வடசென்னையின் பல தெருக்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தனவே, அந்த மாதிரி நேரத்தில் ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் சோறு வெளியில் இருக்கும் சோற்றுக்குச் சமம்.

டிபன் பாக்ஸ் விஷயம் கொஞ்சம் சிக்கல். ஹாட் பாக்ஸில் வைத்தால் பத்திரம் என்று நினைக்கிறோம். மதியம் திறக்கும்போது சோறு ஆவி பறந்தால் பத்திரம்தான். விரலை உள்ளே விட்டுச் சுகமாக வைத்திருக்க முடிந்தால் அது 60 டிகிரிக்கு ரொம்பக் கீழே வந்துவிட்டது, இத்தனை நேரமும் கிருமிக்கு அடைகாத்த சூட்டில் இருந்திருக்கிறது என்று பொருள். ஆஸ்திரேலியாவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: வெளியில் இருந்த உணவு இரண்டு மணிக்குள் என்றால் ஃபிரிட்ஜில் திருப்பி வைக்கலாம், நாலு மணிக்குள் என்றால் உடனே சாப்பிட்டுவிடலாம், அதைத் தாண்டினால் கொட்டிவிடலாம். காலை ஆறு மணி டப்பாவுக்கு இது கறாரான கணக்கு. ஐந்தரைக்கு வடிப்பதை ஏழுக்குத் தள்ளிப்போட எல்லா வீட்டாலும் முடியாது. முடிகிறவர்கள் தள்ளலாம். முடியாதவர்கள் சோற்றைப் பத்து நிமிஷம் பரப்பி ஆற்றி, புளிக்காய்ச்சலோ எலுமிச்சையோ நன்றாகப் புளித்த தயிரோ தாராளமாகக் கலந்து கட்டலாம். மே மாதத்தில் தேங்காய் சாதம் கட்டுவதைத் தவிர்ப்பது நல்லது. அது வேகமாகக் கெடும்.

ஃபிரிட்ஜில் வைத்த சோறு விறைத்துப்போவது கெட்டுப்போனதற்கு அடையாளமல்ல. வெந்தபோது அவிழ்ந்த மாவுச்சத்து குளிரில் மறுபடி இறுகிக்கொள்கிறது, அவ்வளவுதான். இட்லிப் பானையில் தட்டு வைத்து, ஈரத் துணி விரித்து, சோற்றைப் பரப்பி, ஐந்தாறு நிமிஷம் ஆவி கட்டினால் வடித்த மாதிரியே இளகும். மைக்ரோவேவ் என்றால் ஒரு கை தண்ணீர் தெளித்து, மூடி, பாதியில் ஒருமுறை கிளறிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் கொதிக்கும், நடு ஜில்லென்று கிடக்கும். நடுச் சோற்றிலும் ஆவி கிளம்ப வேண்டும். ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவை மட்டும் எடுத்துச் சூடாக்கினால் போதும். சூடாக்கி மிஞ்சியதை மறுபடி ஃபிரிட்ஜுக்குள் தள்ளுவதில்தான் அடுத்த சுற்று தொடங்குகிறது. அந்த மிச்சத்தை இட்லிப் பானையிலிருந்து நேரே குப்பைக் கூடையில் போட மனசு வராது என்பவர்கள், மறுநாள் உலையில் அரை டம்ளர் அரிசியைக் குறைத்துப் போட்டுப் பார்க்கலாம்.