மார்ச் பனியும் மாறாத அறிவிப்பும்

2017 மார்ச் 13, திங்கட்கிழமை பிற்பகல். மறுநாள் நியூயார்க் நகரத்தில் ஓர் அடிக்கு மேல் பனி கொட்டும் என்று அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை ஏற்கெனவே எச்சரித்திருந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டாயிற்று; ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்து. அந்த நேரம் பார்த்து, புயல் கரையை ஒட்டி மேற்கே ஒதுங்கி வரும், நகரத்தில் பனி குறையலாம் என்று புதிய கணினிக் கணிப்புகள் காட்டத் தொடங்கின. வானிலையாளர்கள் கூடிப் பேசினார்கள். அறிவிப்பை மாற்றவில்லை.

சென்ட்ரல் பார்க்கில் விழுந்த பனி 8 அங்குலத்தைக்கூட எட்டவில்லை. வடமேற்கே சுமார் 220 கி.மீ. தள்ளியுள்ள பிங்கம்டனிலோ 30 அங்குலத்துக்கு மேல்!

புயல் வராமல் போய்விடவில்லை. நகரத்தில் அது வேறு வடிவில் இறங்கியது. மார்ச்சில் அட்லாண்டிக் கரையோர நீர் கை வைக்க முடியாத குளிர்ச்சிதான். ஆனாலும் உறைநிலையைவிடச் சில டிகிரி அதிகம். புயல் கடலில் விலகிப் போனால் நகரத்துக்கு வடக்கிலிருந்து குளிர்காற்று கிடைக்கும். கரையை நெருங்கினால் கடற்காற்று உள்ளே புகும். தரையில் உறைகுளிர் நீடிக்கும்போதே, தலைக்கு மேல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய வெப்பப் படலம் ஒன்று நுழைந்துவிடும். அதைக் கடக்கும் பனித்துகள் உருகி, கீழே வருவதற்குள் மீண்டும் உறைந்து, பனிக்கட்டி மணியாக விழும். ஓர் அங்குல மழைநீர் பனியாகப் பொழிந்தால் ஏறத்தாழ 10 அங்குலம் சேரும். மணிகளாக விழுந்தால் இரண்டு மூன்று அங்குலத்தோடு சரி. புயலின் பாதை சில பத்து கிலோமீட்டர் பிசகினாலே கணக்கு தலைகீழ். போதாக்குறைக்கு மார்ச் வெயில்: பகலில் லேசாகத் தூறும் பனி சாலையில் தங்காது.

இதனால் எந்த வானிலை மையமும் ஒரே கணிப்பை நம்பி இருப்பதில்லை. தொடக்க நிலவரத்தைச் சற்றே மாற்றி மாற்றி, ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம் 51 முறை கணக்கிடுகிறது. விடைகள் ஒன்றுகூடினால் நம்பிக்கை, சிதறினால் எச்சரிக்கை.

பருவத்தின் கடைசியில் வரும் புயலைக் கணிக்கவே முடியாது என்று முடிவுகட்டவும் வேண்டாம். 1993 மார்ச் மாதத்து ‘நூற்றாண்டின் புயல்’ சுமார் ஐந்து நாட்களுக்கு முன்பே கணிக்கப்பட்டது. பனி விழுமுன்பே சில மாநிலங்கள் நெருக்கடிநிலை அறிவித்தன. அன்று தேசிய வானிலை மையத்தில் முன்னறிவிப்புப் பணிக்குத் தலைமை வகித்தவர் லூயிஸ் உச்செலினி. 2017-இல் வானிலைச் சேவையின் இயக்குநரும் அவரே. இடையில் 2001 மார்ச்சில், நியூயார்க்கும் பிலடெல்பியாவும் பெரும்பனிக்குக் காத்திருந்து ஏமாந்ததும் உண்டு.

அளவைக் குறைத்துச் சொன்னால் ஆபத்து நீங்கிவிட்டதென்று மக்கள் வெளியே கிளம்பிவிடுவார்கள் என்பதே 2017-இல் அறிவிப்பை மாற்றாததற்குச் சொல்லப்பட்ட காரணம். அச்சம் நியாயமானது, செய்தது நியாயமா என்பது வேறு. கணிப்பு தவறுவது இத்தொழிலில் சகஜம். மாறிவிட்ட கணிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பழையதையே சொன்னதுதான் உறுத்துகிறது. நியூ ஜெர்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி வானிலைச் சேவையை வெளிப்படையாகவே கடிந்துகொண்டார்.

எதிர்பார்க்கும் அளவோடு, குறைந்தது இவ்வளவு, அதிகம் போனால் இவ்வளவு என்ற வரைபடங்களையும் இச்சேவை வெளியிடுகிறது. உப்பு லாரிகளை எத்தனை மணிக்கு அனுப்புவது, பள்ளியைத் திறப்பதா என்று முடிவெடுப்பவர்கள் மூன்றில் எதைப் பார்க்கிறார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது.