வாளையாரைக் கடக்கும் எண்ணெய்: வரிக்குக் கணக்குண்டு, ரத்தத்துக்கு இல்லை

புதுதில்லி: கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், தமிழகம் முடிந்து கேரளம் தொடங்கும் இடம் வாளையார். கேரளத்துக்குள் சரக்கு லாரிகள் நுழையும் முக்கிய வாயில் இது. அரிசி, காய்கறி, பால் ஆகியவற்றோடு சமையல் எண்ணெயும் இந்த எல்லையைக் கடக்கிறது. பாமாயில் சாலை வழியே கேரளத்துக்குச் செல்வதற்குத் தில்லியில் எடுக்கப்பட்ட ஒரு முடிவும் காரணம்.

தென்னை விவசாயிகளின் நலன் கருதி, கொச்சித் துறைமுகம் வழியாகப் பாமாயில் இறக்குமதி செய்ய மத்திய அரசு 2007-ல் தடை விதித்தது. பின்னர் இத்தடை கேரளத்தின் மற்றத் துறைமுகங்களுக்கும் விரிந்தது. 2021 ஜூனில் சுத்திகரிக்கப்பட்ட பாமாயில் இறக்குமதிக்கான கட்டுப்பாடு தளர்த்தப்பட்டபோதும், கேரளத் துறைமுகங்களுக்கு மட்டும் அனுமதி கிடையாது என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டது. ஆகவே, வெளிநாட்டுப் பாமாயில் வேறு மாநிலத் துறைமுகத்தில் இறங்கி, எல்லை தாண்டித்தான் கேரளத்துக்குள் வர முடியும்.

பாமாயில் அரசியலுக்கும் புதிதல்ல. கே. கருணாகரன் முதல்வராக இருந்தபோது நடந்த பாமோலின் இறக்குமதி, நீண்ட வழக்காக மாறியது. அவ்வழக்கில் சம்பந்தப்பட்டிருந்த முன்னாள் உணவுத் துறைச் செயலர் பி.ஜே. தாமஸ், மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக நியமிக்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் 2011 மார்ச் 3-ம் தேதி ரத்து செய்தது. தமிழகத்திலோ, 2007 முதல் ரேஷன் கடைகளில் மானிய விலையில் பாமாயில் வழங்கப்படுவது தேர்தல் மேடைகள் வரை பேசப்பட்டது. இந்த விவாதங்களில் எல்லாம் முன்னுக்கு நின்றவை விலை, வரி, விவசாயி, ஊழல் ஆகியவையே. அந்த எண்ணெயில் செய்த உணவு ரத்தத்தில் கலக்கும்போது என்ன நடக்கிறது என்ற கேள்வி பின்தங்கிவிட்டது.

சாப்பிட்ட பிறகு...

சமையல் எண்ணெயின் பெரும்பகுதி டிரைகிளிசரைடு. ஒரு கிளிசரால் மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலங்கள் வரிசையாக இணைந்திருப்பதே அதன் அமைப்பு. குடலில் சுரக்கும் கணைய நீரிலுள்ள லைபேஸ் நொதி, இரு ஓரங்களிலும் உள்ள அமிலங்களை வெட்டிவிடுகிறது. நடுவில் உள்ளது கிளிசராலோடு ஒட்டியபடியே உறிஞ்சப்படுகிறது. குடல் சுவரில் இவை மீண்டும் டிரைகிளிசரைடாக ஒன்றிணைந்து, கைலோமைக்ரான் என்ற நுண்துகள்களில் ஏறி ரத்தத்தை அடைகின்றன. கொழுப்பு மிகுந்த உணவு உண்ட மூன்று, நான்கு மணி நேரத்தில் ரத்த டிரைகிளிசரைடு உச்சத்தைத் தொடும்.

எனவே, எண்ணெயில் எந்த அமிலம் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அது ஓரத்தில் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா என்பதும் முக்கியமாகிறது. பாமாயிலில் பால்மிட்டிக் அமிலம் பெரும்பாலும் ஓரங்களில் அமைந்திருக்கிறது. தாய்ப்பாலிலும் பன்றிக் கொழுப்பிலும் அதே அமிலம் பெரும்பாலும் நடுவில் உள்ளது. பெயரும் அளவும் ஒன்றாக இருந்தாலும் உடலுக்குள் அதன் பாதை வேறுபடலாம்.

வனஸ்பதிக்கு மாற்று

இந்த நுணுக்கம் இப்போது ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. வனஸ்பதியில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு இதய நோய்க்கு வழிவகுப்பது உறுதியானதால், எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அதன் அளவு 2021-ல் 3 சதவீதமாகவும், 2022 ஜனவரி முதல் 2 சதவீதமாகவும் வரையறுக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்க நடவடிக்கை. ஆனால் பிஸ்கட்டுக்கும் பப்ஸுக்கும் கெட்டியான கொழுப்பு தேவை. அதற்கு ஆலைகள் கையாளும் வழிகளில் ஒன்று, கொழுப்பு அமிலங்களின் இருப்பிடத்தை மாற்றி அமைக்கும் இன்டர்எஸ்டரிஃபிகேஷன். அதற்குப் பாமாயில் வாகான மூலப்பொருள்.

இதன் விளைவு குறித்து ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. இவ்வாறு மாற்றிய பாமோலினை உண்ட ஆரோக்கியமானவர்களுக்கு, முதல் சில மணி நேரங்களில் டிரைகிளிசரைடு உயர்வு குறைவாகவே இருந்ததாக லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வுகள் கண்டன. உடல் வெப்பத்திலும் முழுதாக உருகாத கொழுப்பு மெதுவாக உறிஞ்சப்படுவது ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. மாறாக, மலேசியப் பாமாயில் துறை ஆய்வாளர்கள் பங்கேற்று 2007-ல் வெளியான ஆய்வில், ஸ்டியரிக் அமிலம் மிகுந்த மாற்றுக் கொழுப்பு, சாதாரண பாமோலினைவிடக் கெட்ட கொழுப்பின் விகிதத்தையும் ரத்தச் சர்க்கரையையும் உயர்த்தியது. அதில் பங்கேற்றோர் 30 பேர் மட்டுமே. ஆய்வில் வணிக நலனும் கலந்திருக்கும்போது, அரசு சார்பில்லாத நீண்டகால ஆய்வு தேவை என்பதையே இந்த முரண்பாடு காட்டுகிறது.

பாமாயிலைக் குறைசொல்வதால் தேங்காய் எண்ணெய் குற்றமற்றதாகிவிடாது. அதில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. பாமாயிலில் ஏறத்தாழ பாதி. தென்னை விவசாயிக்குப் பாதுகாப்பு தேவை என்பது பொருளாதார நியாயம். அதை மருத்துவச் சான்றிதழாகக் கொள்ள முடியாது.

கேரளத்தின் நிலைமை கவலை தருவதாகவே உள்ளது. சென்னை மருத்துவ ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, நாட்டில் 24 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் கொலஸ்டிரால் அதிகம்; கேரளத்தில் இது 50.3 சதவீதம். சர்க்கரை நோய் நாட்டில் 11.4 சதவீதம்; கேரளத்தில் 25.5 சதவீதம். இதற்கு எண்ணெய் ஒன்றே காரணம் என்று கூற முடியாது. ஆயினும், உணவுக்குப் பின் டிரைகிளிசரைடு மிகுவது சர்க்கரை நோயாளிகளிடம் பொதுவாகக் காணப்படுவது.

லேபிள் சொல்லாதது

பாக்கெட் உணவில் நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு அளவுகளை அச்சிட வேண்டும். கொழுப்பு அமிலம் எந்த இடத்தில் அமைந்திருக்கிறது என்பதைக் கூற வேண்டியதில்லை. தட்டுக்கடைப் பொரோட்டாவுக்கும் பேக்கரியில் உதிரியாக விற்கும் பப்ஸுக்கும் லேபிளே கிடையாது. ஏழையும் தொழிலாளியும் அதிகம் உண்பது இவற்றைத்தான். கலப்படச் சோதனையிலும் கேரளம் எச்சரிக்கை பெற்றுள்ளது: 2018-ல் மட்டும் மே மாதம் 45, டிசம்பரில் 74 என தேங்காய் எண்ணெய் பிராண்டுகள் அங்கு தடை செய்யப்பட்டன.

2017 ஜூலையில் சரக்கு - சேவை வரி வந்தபின் வாளையாரின் வணிகவரிச் சோதனைச் சாவடி தன் வேலையை இழந்தது. எண்ணெய்க்கான வரி எல்லையில் நிறுத்தாமலே வசூலாகிவிடுகிறது. இறக்குமதி வரியை ஏற்றவும் இறக்கவும் மத்திய அரசிடம் துல்லியமான கணக்கு உண்டு. வனஸ்பதிக்கு மாற்றாக வந்துள்ள கொழுப்பு எந்த உணவில், எவ்வளவு சேர்கிறது என்பதற்கும் அதே துல்லியத்தோடு கணக்கு கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம்.